நான்காம் சொல்லில் திரும்பிய கண்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டேன். தாளைத் தங்கையின் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அவள் மனத்துக்குள் வாசிக்கும்போது மறுபக்கத்திலிருந்து துளை வழியே அவள் கண்களைக் கவனித்தேன். கருவி ஏதுமின்றி வாசிப்பவரின் கண்ணசைவைப் பார்ப்பதற்கு வால்டர் மைல்ஸ் என்ற உளவியலாளர் 1928இல் விவரித்த முறை இது. கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டே போகும் என்று நெடுங்காலம் நம்பியிருந்த எனக்கு, அந்தச் சிறு துளையில் தெரிந்த காட்சி பெரும் வியப்பைத் தந்தது. அவளுடைய கண்மணிகள் ஓரிடத்தில் நின்றன, சட்டென்று தாவின, மீண்டும் நின்றன. மூன்றாம் வாக்கியத்தின் நடுவில் அவை வந்த வழியே திரும்பிப் போய், பிறகு முன்னேறின. "எங்காவது திரும்பிப் பார்த்தாயா?" என்று கேட்டேன். "இல்லையே அக்கா, நேராகத்தானே படித்தேன்" என்றாள்.

அவள் சொன்னது அவள் அறிந்த உண்மை. வாசிக்கும்போது கண் செய்கிற வேலையில் மிகச் சிறிய பங்கே நம் கவனத்துக்கு வருகிறது. ஒரு வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று வாசகரிடம் கேட்டால் அவர் தம் நினைவில் நிற்பதைச் சொல்வார். அவருடைய கண்ணின் தடத்தைப் பதிவு செய்தாலோ, எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நின்றார், எதைத் தாண்டினார், எங்கிருந்து எங்கே திரும்பினார் என்பது ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். வாக்கியம் மனத்துக்குள் கட்டப்படும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சாட்சி இதுவே என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சாட்சியைப் பேசவைக்க முதலில் முயன்றவர்களின் பாடு சொல்லத்தக்கது. 1870களின் இறுதியில் பாரிஸில், அச்செழுத்துகளின் தெளிவைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த எமில் ஜாவால் என்ற கண் மருத்துவர், வாசிக்கும் கண் தாவித் தாவியே செல்கிறது என்பதை எழுதினார். அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய லாமார், நுனி மழுங்கிய ஊசியொன்றை மேலிமையின் மீது வைத்து, ரப்பர் குழாய்களின் வழியே காதுக்கு வரும் ஒலியைக் கொண்டு ஒரு வரிக்கு எத்தனை தாவல்கள் என்று எண்ணினார். அமெரிக்காவில் எட்மண்ட் ஹியூயி, கண்ணின் மீது பொருந்தும் சிறு கிண்ணத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்னும் சாந்தினால் செய்து, அதில் மெல்லிய அலுமினியக் கம்பியைப் பொருத்தி, கண் அசையும்போது அந்தக் கம்பி புகைபடிந்த உருளையில் கோடு வரையும்படி அமைத்தார். கண்ணை மரத்துப்போகச் செய்யக் கோகெயின் சொட்டுகளைப் பயன்படுத்தினார். கண்ணைத் தொடாமல், விழியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படம்பிடிக்கும் வழியை ரேமண்ட் டாட்ஜும் கிளைனும் 1901இல் வெளியிட்ட பிறகே இந்தத் துறை மனிதத்தன்மை கொண்டது. இன்றைய கருவிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, விநாடிக்கு 1000 முறைகூடப் பதிவு செய்கின்றன. ஜாவால், கிளாக்கோமா நோயால் 1900ஆம் ஆண்டளவில் பார்வையை முற்றிலும் இழந்தார் என்பதை அறிந்த நாளில் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

கண் ஏன் தாவ வேண்டும்? விழித்திரையின் நடுவில், ஏறத்தாழ 2 பாகை அளவுக்கு மட்டுமே, எழுத்தைக் கூர்மையாகக் காணும் பகுதி உள்ளது. அதைவிட்டு விலக விலகப் பார்வை மங்குகிறது. ஆகவே அடுத்த எழுத்துகளின் மேல் அந்தச் சிறு வட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கிறது. தாவல் ஒன்று 20 முதல் 40 மில்லிவிநாடி வரை நீடிக்கிறது; அந்த வேளையில் நாம் புதிதாக எதையும் பார்ப்பதில்லை. நிற்கும்போதுதான் பார்க்கிறோம். ஆங்கிலம் வாசிக்கும் பெரியவர்களிடம் ஒரு நிலைப்பு சராசரியாக 200 முதல் 250 மில்லிவிநாடி வரை நீடிக்கிறது. ஒரு தாவல் 7 முதல் 9 எழுத்துகளைக் கடக்கிறது. 100 தாவல்களில் 10 முதல் 15 வரை பின்னோக்கிச் செல்கின்றன. தேர்ந்த வாசகர்களின் கணக்கு இது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னோக்கிய தாவல் வாசிக்கத் தெரியாதவர்களின் அடையாளம் என்ற எண்ணம் பலரிடம் ஊறியிருக்கிறது.

கண் நிற்கும் இடத்தில் எவ்வளவு தூரம் வரை வாசகருக்குப் பயன்படுகிறது என்பதை 1975இல் ஜார்ஜ் மக்கோன்கியும் கீத் ரேனரும் அழகான ஓர் ஏற்பாட்டால் அளந்தார்கள். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் சரியாகக் காட்டி, மற்றவற்றைத் திரையில் சிதைத்துவிட்டார்கள். கண் நகர நகரத் தெளிவான அந்தச் சாளரமும் அதனுடன் நகர்ந்தது. இத்தகைய சோதனைகளின்படி, ஆங்கில வாசகர்கள் நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் 14 அல்லது 15 எழுத்துகள் வரை ஏதோ ஒரு தகவலைப் பெறுகிறார்கள். இடப்பக்கம் 3 அல்லது 4 எழுத்துகளோடு முடிந்துவிடுகிறது. வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயத்தில் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே திசைமாறியிருந்ததை 1981இல் வெளியான ஆய்வு காட்டியது. இரு மொழியும் அறிந்த அதே மனிதர்கள், ஆங்கிலம் வாசித்தபோது வலப்பக்கமும் எபிரேயம் வாசித்தபோது இடப்பக்கமும் தொலைவாகக் கண்டார்கள். கண்ணின் அமைப்பு இருபுறமும் ஒன்றுதான். வாக்கியம் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறதோ அந்தப் பக்கம் மனம் கையை நீட்டிக் காத்திருக்கிறது.

நிலைப்பின் நீளத்தை முடிவு செய்வதும் பெரும்பாலும் மனமே. ஒரே நீளமுள்ள இரண்டு சொற்களில், அடிக்கடி வழங்கும் சொல்லைக் கண் விரைவில் விட்டுச் செல்கிறது; அரிய சொல்லில் கூடுதலாக நிற்கிறது. முன்வந்த சொற்களிலிருந்து ஊகிக்க முடிகிற சொல்லில் குறைவாக நிற்கிறது, பல நேரம் அதைத் தொடாமலே தாண்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பொருள் தரும் சொற்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டின் மேல் கண் நிற்கிறது, சிறு இலக்கணச் சொற்களில் 35 விழுக்காட்டின் மேல்தான் நிற்கிறது என்ற கணக்கு இத்துறையில் நன்கு அறியப்பட்டது.

இவற்றிலெல்லாம் என்னை மிகவும் ஆட்கொண்டது மறையும் எழுத்துச் சோதனை. வாசகர் ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்திய 60 மில்லிவிநாடியில் அந்தச் சொல் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆயினும் வாசிப்பு ஏறக்குறைய வழக்கம்போலவே நடக்கிறது. எழுத்தை உள்வாங்க அவ்வளவு நேரம் போதுமானதாக இருக்கிறது. அதன்பின் கண் என்ன செய்கிறது என்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது: மறைந்தது பழகிய சொல்லானால் கண் விரைவில் கிளம்புகிறது, அரிய சொல்லானால், ஒன்றுமே இல்லாத அந்த வெற்றிடத்தின் மேல் கூடுதல் நேரம் நின்றுகொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மனம் அந்தச் சொல்லோடு இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால் கண் காத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதற்குச் சான்று உண்டு. கவனம் எங்கோ போயிருக்க, கண் மட்டும் பக்கத்தின் மேல் நகரும் அனுபவம் எல்லாருக்கும் தெரிந்ததே. அப்படிப்பட்ட வேளைகளைப் பதிவு செய்து 2010இல் வெளியான ஆய்வில், அரிய சொல்லுக்கும் பழகிய சொல்லுக்கும் இடையே நிலைப்பு நேரத்தில் இருக்க வேண்டிய வேறுபாடு மங்கிப்போயிருந்தது. கண் நகர்ந்தது, ஆனால் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை.

இனி வாக்கியத்துக்கு வருகிறேன். வாசகர் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பொருள் கொள்கிறாரா, ஒவ்வொரு சொல்லிலும் ஒரு முடிவுக்கு வந்துகொண்டே போகிறாரா என்பதே இங்கே கேள்வி. இருபொருள் தரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஆறு கடந்ததும் அவன் கடிகாரத்தைப் பார்த்தான்." "ஆறு கடந்ததும் அவன் ஈரத்துணியைப் பிழிந்தான்." இரண்டும் ஒரே சொற்களில் தொடங்குகின்றன, எந்த ஆறு என்பது பின்னால்தான் தெரியும். இத்தகைய ஆங்கிலச் சொற்களை வைத்து 1980களில் நடந்த ஆய்வுகள் இரண்டு செய்திகளைத் தந்தன. முன்சூழல் எதையும் சுட்டாதபோது, இரண்டு பொருளும் சமமாக வழங்கும் சொல்லின் மேல் கண் கூடுதலாக நிற்கிறது. இரண்டும் மனத்தில் எழுந்து போட்டியிடுகின்றன என்பதற்கு அது அடையாளம். ஒரு பொருள் மிகுந்த வழக்கில் இருந்தாலோ, கண் அந்தச் சொல்லில் தயங்குவதே இல்லை. வழக்கான பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிற்பகுதி அரிய பொருளைக் கேட்கும்போது, அங்கே நின்று, திரும்பி, அந்தக் கடனை அடைக்கிறது.

சொல்லுக்கு நடப்பது வாக்கிய அமைப்புக்கும் நடக்கிறது. 1982இல் லின் ஃப்ரேசியரும் கீத் ரேனரும் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லாததால் வாசகரை முதலில் தவறான அமைப்புக்கு இட்டுச்செல்லும் வாக்கியங்களை அவர்கள் கொடுத்தார்கள். அமைப்பு தவறு என்று காட்டும் சொல்லுக்குக் கண் வந்தவுடனேயே நிலைப்புகள் நீண்டன; அங்கிருந்து பின்தாவல்கள் பெருகின. அந்தப் பின்தாவல்கள் பல, வாக்கியத்தின் தொடக்கத்துக்கோ கண்டபடி எங்கேயோ போகாமல், குழப்பம் தொடங்கிய பகுதியை நோக்கிப் போயின. வாக்கியம் முடிந்த பிறகுதான் மனம் தீர்ப்பு எழுதுகிறது என்றால், நடுவில் இப்படி நடக்கக் காரணமே இல்லை. சொல் வரவர ஒரே அமைப்பைத் தேர்ந்து கட்டிக்கொண்டு போகிறோமா, பல அமைப்புகளை ஏற்றத்தாழ்வான எடைகளோடு சுமந்து போகிறோமா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள். காத்திருப்பதில்லை என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

தங்கையிடம் நான் கொடுத்த மூன்றாம் வாக்கியம் இதுதான்: "ஆசிரியர் மாணவனைப் பாராட்டிய பெண்ணை அழைத்தார்." மற்றவற்றை மூடிவைத்து, முதல் மூன்று சொற்களை மட்டும் படித்துப் பாருங்கள். ஆசிரியர் மாணவனைப் பாராட்டினார் என்ற காட்சி முழுமையாக எழுந்துவிடுகிறது. நான்காம் சொல் வந்ததும் அது உடைகிறது: பாராட்டியவர் அந்தப் பெண், ஆசிரியரோ இன்னும் தமக்குரிய வினைக்காகக் காத்து நிற்கிறார். நான்காம் வாக்கியம், "ஆசிரியர் மாணவனைப் பாராட்டிய செய்தியைப் படித்தோம்." முதல் மூன்று சொற்களும் அவையே, எதையும் திருத்த வேண்டியதில்லை. அவள் கண் முன்னதில் திரும்பியது, பின்னதில் நேரே போனது. ஒரு தாளையும் ஒரு வாசகியையும் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. நான்காம் வாக்கியத்தைப் படிக்கும்போது முதல் மூன்று சொற்களும் அவளுக்குப் பழகியும் இருந்தன. ஆயினும் அந்த ஒரு திரும்புதலை என் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிது.

நம் மொழியைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகளில், வினை தெரியாமல் மனம் எதைக் கட்டும் என்று ஐயுறுவது இயல்பு. வேற்றுமை உருபுகளே போதும் என்பதற்கு ஜப்பானிய மொழியிலிருந்து நல்ல சான்று கிடைத்திருக்கிறது. யூகி கமிடே, ஜெரி ஆல்ட்மன், சாரா ஹேவுட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியர் ஒரு படத்தைப் பார்த்தபடி வாக்கியத்தைக் காதால் கேட்டார்கள். யார், யாருக்கு என்பதைப் பெயர்களின் உருபுகளிலிருந்தே அறிந்துகொண்டு, வினைச்சொல் ஒலிக்கும் முன்பே, கொடுக்கப்படக்கூடிய பொருளின் படத்தை நோக்கி அவர்களின் கண்கள் போயின. 'மாணவனை' என்பதில் உள்ள ஐகாரம் அதைப்போலவே வரப்போவதற்கு ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறது என்று நான் எண்ணுகிறேன். அதனால்தான் 'பெண்ணை' என்னும் சொல்லில் அடி இவ்வளவு பலமாக விழுகிறது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கண் நிற்கும் சொல்லும் மனம் வேலை செய்யும் சொல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு சொல்லின் கடினம் அடுத்த சொல்லின் மேலும் வழிகிறது. அடுத்த சொல்லின் ஒரு பகுதி முன்கூட்டியே ஓரப்பார்வையில் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஆய்வாளர்கள் ஒரே அளவை நம்புவதில்லை: சொல்லின் மேல் விழுந்த முதல் நிலைப்பு, முதன்முறை அதைக் கடக்கும்வரை அதன் மேல் நின்ற மொத்த நேரம், அதற்குள் நுழைந்ததிலிருந்து பின்னே போன நேரத்தையும் சேர்த்து அதைத் தாண்டி முன்னேறும்வரை ஆன நேரம் என்று பிரித்துப் பிரித்து அளக்கிறார்கள். வாக்கிய அமைப்பைப் பற்றி அறிய விரும்புபவருக்கு மூன்றாவது அளவு அரிய கொடை. தடுமாறிய வாசகர் திருத்திக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் அதில் தங்கிவிடுகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது, திரும்பிப் படிப்பது சோம்பல் என்று எனக்குக் கற்பித்த பெரியவர் ஒருவர், படித்த வரிகளை ஓர் அட்டையால் மூடிக்கொண்டே போகும்படி பழக்கினார். விரைவு வாசிப்புப் பயிற்சிகள் பலவற்றிலும் பின்தாவலை ஒழிப்பது ஒரு பாடமாகவே இருக்கிறது. பல ஆண்டுகள் அந்த அட்டையோடு படித்தேன். பக்கங்கள் நகர்ந்தன, நீண்ட வாக்கியங்கள் கையில் தங்கவில்லை. என் புத்தியின் குறை என்றே நம்பினேன். அந்த அட்டை செய்ததை எலிசபெத் ஷாட்டரும் அவருடைய குழுவினரும் 2014இல் திரையில் செய்து பார்த்திருக்கிறார்கள்: கண் கடந்த சொற்களை மறைத்து, திரும்பிப் போனாலும் எதுவும் கிடைக்காதபடி செய்தபோது, வாசகர்களின் புரிதல் குறைந்தது. குழப்பும் வாக்கியங்களில் மட்டும் அன்று, எளிய வாக்கியங்களிலும் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என்னிடமிருந்து எடுக்கப்பட்டது எது என்று பெயர் சொல்லி யாரோ திருப்பிக் கொடுத்தது போலிருந்தது.

வாசிப்பில் இடர்ப்படும் குழந்தைகளின் கண் அதிகம் நிற்கிறது, அதிகம் திரும்புகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கண்ணைப் பழக்கினால் வாசிப்பு சரியாகும் என்று கருதியவர்கள் இருந்தார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அவர்களுடைய வாசிப்பு நிலைக்கு ஏற்ற உரையைக் கொடுத்தபோது, அவர்களின் கண்ணசைவும் அந்த நிலையில் உள்ள மற்ற குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது என்று ஆய்வுகள் காட்டின. கண் தடுமாறுவதால் வாசிப்பு தடுமாறுகிறது என்று கொண்டது காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிய பிழை. சொல்லை அறிவதில் உள்ள கடினமே கண்ணை நிறுத்துகிறது, திருப்புகிறது. எல்லாக் குழந்தைகளும் படிக்கத் தொடங்கும் வயதில் பெரியவர்களைவிட நீண்ட நேரம் நிற்கிறார்கள், அடிக்கடி திரும்புகிறார்கள். சொற்கள் பழகப் பழக அது தானே குறைகிறது.

அன்று மாலை தங்கை தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மறுபக்கத்தில் அவளாகவே நான்கு வாக்கியங்களை எழுதினாள், ஒன்றில் மட்டும் முதற்சொல்லுக்குப் பின் காற்புள்ளி இட்டிருந்தாள்: "தாய், குழந்தையைத் தூக்கிய மருத்துவரை வணங்கினாள்." துளையின் மறுபக்கத்தில் இப்போது அவளுடைய கண் இருந்தது. காற்புள்ளி இருந்த வாக்கியத்தில் நான் நிச்சயம் நேராகவே போயிருப்பேன் என்று நினைத்தேன். அங்கே சரிதான் என்றாள். மற்ற மூன்றிலும் எங்கும் திரும்பவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். அவள் விரலை மடக்கிக் காட்டினாள்: மூன்று முறை, அதில் இரண்டு ஒரே சொல்லுக்கு.